சிறுகதைக்குக் கரு எங்கே கிடைக்கும், கிடைத்ததை என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுதத் தொடங்குகிறவர்களும், நாலைந்து கதை எழுதிவிட்டு நின்றுபோனவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பதில்கள் சிறுகதையை மனதில் வைத்தே சொல்லப்பட்டிருக்கின்றன. நாவலுக்குப் பொருந்துகிற இடங்களில் அதையும் சேர்த்திருக்கிறோம்.

கதைக்கான கரு எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் காது வழியாக. கண்ணால் பார்த்தது வர்ணனைக்கு உதவும், காதில் விழுந்த பாதிப் பேச்சு கதைக்கு உதவும். துக்க வீட்டில் முதல் அழுகை அடங்கி, காப்பி தம்ளர்கள் சுற்றத் தொடங்கியபின் பேசப்படுவதைக் கேளுங்கள். "நகையெல்லாம் யார்கிட்ட இருக்கு?" என்று ஒருத்தி தாழ்ந்த குரலில் கேட்பாள், பதில் சொல்ல வேண்டியவள் தம்ளரைக் கழுவப் போய்விடுவாள். கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டு, ஆஸ்பத்திரி வராண்டா, பத்திரப் பதிவு அலுவலகத்து வேப்பமர நிழல் என்று, காத்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லாத இடங்களில் மனிதர்கள் தங்களை அறியாமல் பேசிவிடுகிறார்கள்.

அடுத்தது வேலை செய்கிற இடம். தமிழில் இதைப் போதுமான அளவு யாரும் எடுத்தாளவில்லை என்றே சொல்ல வேண்டும். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் பல வருஷம் வேலை பார்த்தவர். சினிமாத் தொழிலின் நிழலில் வாழ்கிறவர்களைப் பற்றிய 'கரைந்த நிழல்கள்' வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிறவரால் எழுதக்கூடியதல்ல. நீங்கள் வங்கியில் இருந்தால் நகைக்கடன் கவுன்டர், ஐடியில் இருந்தால் நோட்டீஸ் பீரியடின் கடைசி நாள், மருந்துக்கடையில் இருந்தால் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்டு வருகிற முகம். உங்களுக்குச் சலித்துப்போன அந்த விவரம் படிக்கிறவருக்குப் புதுசு.

இன்னொன்றும் உண்டு. தனியாக ஒரு கரு வந்தால் அது அநேகமாகப் பாதிக் கருதான். வீட்டை விற்ற பிறகும் தினமும் அந்த வீட்டு வாசல் வழியாகவே காலை நடை போகிற ஒரு பெரியவர். இதை வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்துக்கு மேல் போக முடியாது, ஏக்கத்தையே சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருப்பீர்கள். ஆறு மாதம் கழித்து வேறெங்கோ மரம் அறுக்கிற ஆள் கூலி பேசுவது காதில் விழுகிறது. புது வீட்டுக்காரர் வாசல் வேப்பமரத்தை வெட்ட ஆள் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொண்டால் பெரியவர் இனிமேல் வெறுமனே நடந்து போக முடியாது. கேட்கவும் உரிமையில்லை. இரண்டும் ஒட்டுகிற இடத்தில்தான் கதை பிறக்கிறது. கிடைத்த துண்டு உடனே கதையாகவில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஜோடிக்குக் காத்திருக்கட்டும்.

குறிப்பேட்டில் என்ன எழுதி வைப்பது?

கருத்தை எழுதாதீர்கள், பொருளையும் பேச்சையும் எழுதுங்கள். "முதியவர்களின் தனிமை பற்றி எழுத வேண்டும்" என்ற குறிப்பு மூன்று மாதம் கழித்து உங்களுக்கே எதையும் சொல்லாது. "பென்ஷன் வாங்க வந்த கிழவர் சட்டைப்பைப் பேனாவை மூன்று பேருக்கு இரவல் கொடுத்தார், ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்வரை மூடியைக் கையில் பிடித்திருந்தார்" என்று எழுதினால் ஆள் அப்படியே நிற்பார்.

ஒரு குறிப்பு நாலு வரிக்கு மேல் வேண்டாம். தேதியும் இடமும் போடுங்கள். கேட்ட பேச்சைக் கேட்ட மாதிரியே எழுதுங்கள், இலக்கணம் திருத்தாதீர்கள். கைபேசியில் குரல் பதிவாக வைப்பவர்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது அதைக் கேட்டு எழுத்தில் ஏற்றிவிடுவது நல்லது. இருநூறு குரல் பதிவு சேர்ந்தபின் எவரும் திரும்பக் கேட்பதில்லை. மாதம் ஒருமுறை பழைய குறிப்புகளைப் புரட்டுங்கள். ஜோடி சேர்வது அப்போதுதான்.

பார்த்ததெல்லாம் கதையாகுமா? எது ஆகும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆகாது. கதை எழுத வருகிறவர்களுக்கு உண்மையான கஷ்டம் கரு கிடைக்காதது அல்ல, கருவையே கதை என்று நினைத்துக்கொள்வதுதான். மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்: இதில் யாருக்கு என்ன வேண்டும்? அது ஏன் இன்றைக்கே வேண்டும்? கிடைக்க வேண்டுமானால் அவர் எதை விட வேண்டியிருக்கும்? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் உங்களிடம் இருப்பது ஒரு காட்சி, அல்லது ஒரு அபிப்பிராயம்.

முடிவெடுக்கிற அந்த இடம் எவ்வளவு கனமானது என்பதற்கு ஜெயகாந்தனே சாட்சி. 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழை நாளில் காரில் ஏறிக் கெட்டுத் திரும்புகிற மகளின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி மறைத்துக் காக்கிறாள். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால்? அந்த ஒரு மாற்றத்திலிருந்து கிளம்பியதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல். கரு ஒன்றுதான். ஒரு பாத்திரம் ஒரு நிமிஷத்தில் எடுக்கிற முடிவு மாறினால் முழு நாவலுக்குச் சரக்கு கிடைக்கிறது. உங்கள் கதையிலும் அந்த நிமிஷம் எது என்று தேடுங்கள்.

ஒரு கருவைக் கதையாக்குவதை உதாரணத்தோடு காட்ட முடியுமா?

முடியும். ரேஷன் கடை. ஒரு பாட்டியின் கைரேகை மெஷினில் விழவில்லை. "தலையில தேச்சுட்டு வையி" என்கிறார்கள், தேய்த்து வைக்கிறாள், விழவில்லை. இதுதான் கையில் இருக்கிற துண்டு.

முதலில் அவள் ரேகை ஏன் தேய்ந்தது என்று பாருங்கள். வயசு என்று விட்டுவிட்டால் அவள் யாரோ ஒரு பாட்டியாகவே இருப்பாள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிறவள் என்று வையுங்கள். முந்திரி ஓட்டில் இருக்கிற எண்ணெய் தோலை அரிக்கும். கையில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டு உடைத்தாலும் வருஷக்கணக்கில் விரல் நுனி கறுத்து உரிந்துபோகும். அவள் உழைப்பே அவள் அடையாளத்தை அழித்திருக்கிறது. (இந்தக் கடைசி வாக்கியத்தைக் கதைக்குள் எழுதாதீர்கள். எழுதினால் கதை செத்துப்போகும். விரலை மட்டும் காட்டுங்கள்.) பெயர் அஞ்சலை, வயசு 61.

அடுத்து, ஏன் இன்றைக்கே? மாதக் கடைசி நாள். அந்த மாத அரிசி அந்த மாதத்தோடு போய்விடும். நாளைக்கு வா என்று சொல்ல முடியாது.

மூன்றாவது கட்டம் விசாரணை. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சோம்பல்பட்டு, "ஏழைக்கு இரங்காத இயந்திரம்" என்று ஒரு புலம்பலை எழுதி முடித்துவிடுகிறார்கள். ரேகை விழாதவர்களுக்கு வேறு வழி உண்டா என்று கடையில் நின்று கேளுங்கள். பதிவு செய்த கைபேசிக்கு ஓடிபி வரும், அதைச் சொன்னால் போதும் என்று ஒரு வழி தெரியவரும். இப்போது உங்கள் புலம்பல் கதை உடைந்துபோயிற்று. நல்லதுதான். அந்தக் கைபேசி யாருடையது? கார்டு பதிந்தபோது பெரிய மகன் தன் நம்பரைக் கொடுத்திருக்கிறான். அவன் எட்டு மாதத்துக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு திருப்பூருக்குப் போனவன். அதன்பிறகு தாயும் பிள்ளையும் பேசவில்லை.

பாருங்கள், கதை மெஷினைப் பற்றியது அல்ல என்றாகிவிட்டது. அரிசி வேண்டுமென்றால் அவள் வீறாப்பை விட வேண்டும். பின்னால் வரிசை நிற்கிறது, ஓடிபி சில நிமிஷத்தில் காலாவதியாகிவிடும். நெருக்கடியை நீங்கள் இட்டுக்கட்டவே வேண்டாம், நடைமுறையே கொடுத்துவிட்டது.

முடிவு எப்படி? முதலில் மனதில் வருகிற மூன்று முடிவுகளைத் தாளில் எழுதி அடித்துவிடுங்கள். கடைக்காரர் மனம் இரங்கிச் சும்மா அரிசி போடுகிறார்: அவள் எதையும் விட வேண்டியிருக்கவில்லை, கதை வீண். வரிசையிலேயே மயங்கி விழுந்து சாகிறாள்: எழுதுகிறவர் தப்பித்துக்கொள்கிறார். மகன் போனிலேயே அழுது மன்னிப்புக் கேட்கிறான்: டிவி சீரியல். நாலாவதாக ஒன்று வரும். மகன் எண்களைச் சொல்கிறான். அவளுக்கு நன்றாகவே காது கேட்டது. ஆனாலும், "சரியாக் கேக்கல, இன்னொரு தரம் சொல்லு" என்கிறாள். இந்த இடத்தில் பேனாவை வைத்துவிடலாம். அரிசி வாங்கினாளா என்பதுகூட வேண்டாம்.

இதே கதையை எப்படித் தொடங்குவது?

வழக்கமாக வருகிற தொடக்கம் இது:

"கிழக்கே கதிரவன் மெல்லத் தலைகாட்டினான். வறுமையின் பிடியில் வாடும் அஞ்சலை அன்றும் வழக்கம்போல் கண்விழித்தாள். அவள் வாழ்க்கை முழுவதும் உழைப்பிலேயே கழிந்திருந்தது."

இதில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. அவள் ஏழை என்பதை நீங்கள்தான் சொல்கிறீர்கள், வாசகர் கண்டுபிடிக்கவில்லை. விடியற்காலையில் தொடங்கினால் அவளைக் கடைக்குக் கூட்டிப்போகவே ஒரு பக்கம் செலவாகும். வேறு மாதிரி:

"'தலையில நல்லாத் தேச்சுட்டு வையி ஆயா' என்றான் பையன். அஞ்சலை ஆள்காட்டி விரலைத் தலைமயிரில் இழுத்துத் தேய்த்துவிட்டு மறுபடி வைத்தாள். மெஷின் சிவப்பு காட்டிற்று. பின்னால் நின்றவள் பையை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டாள்."

நாலு வாக்கியத்துக்குள் இடம், ஆள், சிக்கல், பின்னால் நிற்கிறவர்களின் பொறுமையின்மை எல்லாம் வந்துவிட்டன. பொதுவாக, முதல் வரைவை எழுதி முடித்தபின் முதல் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டாம் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். பத்தில் ஏழு கதைக்கு அங்கேதான் உண்மையான தொடக்கம் இருக்கும்.

செய்தித்தாளிலிருந்து எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் தலைப்புச் செய்தியை விடுங்கள். அதை அதே வாரத்தில் இன்னும் நாற்பது பேர் எழுதிக்கொண்டிருப்பார்கள். உள்பக்கத்து நாலு வரிச் செய்தியும், "காணவில்லை" அறிவிப்பும், வாரிசுச் சான்றிதழ் தொடர்பான விளம்பரமும் மேல். செய்தி "என்ன நடந்தது" என்பதைத் தின்று முடித்துவிட்டது. உங்களுக்கு மிச்சம் இருப்பது அதற்கு முந்தின நாள் ராத்திரியும் அதற்கு அடுத்த வாரமும்தான். பெயர், ஊர், தொழில் மூன்றையும் மாற்றுங்கள்.

தெரிந்தவர்களை வைத்து எழுதினால் சண்டை வருமே?

வரும். பெயரை மட்டும் மாற்றினால் ஊரே கண்டுபிடித்துவிடும். ஒரு ஆளை அப்படியே தூக்கிவைக்காமல் ஒருவரின் நடை, இன்னொருவரின் பேச்சு, மூன்றாமவரின் கடன் என்று கலந்து செய்வதே வழி. ஆணைப் பெண்ணாக்கிப் பார்ப்பது, தொழிலை மாற்றிப் பார்ப்பது இரண்டும் நன்றாக வேலை செய்யும். தொழில் மாறினாலே பேச்சும் மாறிவிடும். இது சண்டைக்குப் பயந்து மட்டும் சொல்வதல்ல. நிஜ ஆளை அப்படியே வைத்தால், "ஆனால் அவர் நிஜத்தில் அப்படித்தான் செய்தார்" என்று ஒரு வாதம் உங்களுக்குள் முளைத்துக் கதையை நகரவிடாது. நிஜத்தில் நடந்தது என்பது கதைக்குள் எந்தச் சமாதானமும் ஆகாது. பழிவாங்க எழுதுகிற கதை மட்டும் வேண்டாம். எதிராளிக்கு அதில் ஒரு நியாயமும் இருக்காது என்பதால் அது எப்போதும் மட்டமாகவே வரும்.

புராணக் கதையை மறுபடி எழுதுவது பழைய சரக்கு இல்லையா?

மூலத்தில் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி ஒன்று உங்களிடம் இருந்தால் பழைய சரக்கு இல்லை. புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' அகலிகையை எடுத்துக்கொண்டது. ராமன் கால் பட்டு எழுந்தவளுக்குப் பிறகு என்ன ஆயிற்று? சீதையை அக்கினிப் பிரவேசம் செய்யச் சொன்னதே அந்த ராமன்தான் என்று தெரியும்போது அகலிகை மறுபடி கல்லாகிறாள். மூலத்தில் இருக்கிற இரண்டு சம்பவங்களை ஒன்றோடொன்று மோதவிட்டதுதான் அங்கே நடந்த வேலை. வெறுமனே கெட்டவனை நல்லவனாக்கிக் காட்டுவது, கர்ணனை இன்னொரு தடவை அழவைப்பது போன்றவற்றைப் பத்திரிகை ஆசிரியர்கள் வண்டி வண்டியாகப் பார்த்துவிட்டார்கள்.

சரித்திரக் கதைக்குத் தகவல் எப்படித் திரட்டுவது?

ஆவணம் பேசுகிற இடத்தையும், அது வாயை மூடிக்கொள்கிற இடத்தையும் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டு, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களாகச் சோமன், ரவிதாசன் முதலானவர்களின் பெயரைச் சொல்கிறது, அவர்கள் சம்பந்தப்பட்ட சொத்துகளுக்கு என்ன ஆயிற்று என்றும் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்பதில்லை. அந்த மௌனத்துக்குள்தான் கல்கி, 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னின் பெரும்பகுதியைக் கட்டினார். ரவிதாசன் கதையில் ஆளாகவே நடமாடுகிறான். பெயர் கல்வெட்டினுடையது, மனசு கல்கியினுடையது.

தவறு நேர்வது ராஜா வரும் இடத்தில் அல்ல, சமையலறையில். சோழர் காலத்துக் கதையில் மிளகாய் கூடாது. தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மரவள்ளி, கொய்யா, பப்பாளி, முந்திரி எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 1500-க்கு முன்னால் இங்கே கிடையாது. காரத்துக்கு மிளகும் இஞ்சியும்தான். "ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன்" என்று தளபதி சொல்லக்கூடாது, நாழிகை உண்டு. பஞ்சாங்கம், கப்பல், குதிரை வணிகம், கோயில் நிவந்தம் (கோயிலுக்கு விட்ட மானியம்) என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தாள் போட்டுக் குறியுங்கள். சேர்த்ததில் பத்தில் ஒரு பங்கு கதைக்குள் வந்தால் போதும். திரட்டியதை எல்லாம் காட்ட வேண்டுமென்று தோன்றினால் கட்டுரையாக எழுதிவிடுவது நல்லது.

முழுக்கத் திட்டம் போட்டு எழுதுவதா, போகிற போக்கில் எழுதுவதா?

சிறுகதைக்கு, முடிவுக்கு முந்தின கணம் தெரிந்தால் போதும். அஞ்சலை கதையில் அவள் போன் எடுக்கிறாள் என்பது வரை தெரிந்திருந்தால் தொடங்கலாம். நாவலுக்கு அப்படி முடியாது. அத்தியாயத்துக்கு ஒரு அட்டை, அட்டைக்கு மூன்று வரி: யார், என்ன நடக்கிறது, எது முன்பு போல் இனி இருக்காது. மூன்றாவது வரி காலியாக இருக்கிற அட்டையைத் தூக்கிவிடுங்கள். பாத்திரங்களின் வயசை ஒரு கட்டமாகப் போட்டு வைத்துக்கொள்வதும் அவசியம். மூன்றாம் அத்தியாயத்தில் பத்தாவது படித்த பையன், இரண்டு வருஷம் கழித்து வருகிற எட்டாம் அத்தியாயத்தில் ஒன்பதாவது படிப்பது அச்சேறிய நாவல்களிலேயே உண்டு.

உரையாடலை வட்டார வழக்கில் எழுதலாமா?

காதில் இருந்தால் எழுதலாம். காதில் இல்லாத வழக்கை எழுத முயல்கிறவர்கள் வெறும் ஒட்டுகளை ஒட்டுகிறார்கள்: திருநெல்வேலி என்றால் வாக்கியத்துக்கு ஒரு 'லே', கோவை என்றால் வாக்கியத்துக்கு ஒரு 'ங்க'. வழக்கு இருப்பது ஒட்டில் அல்ல. வினைச்சொல்லிலும், வேற்றுமையிலும், எதை நேராகச் சொல்வார்கள், எதைச் சுற்றிச் சொல்வார்கள் என்பதிலும் இருக்கிறது. நெல்லையில் 'சொல்லுதான்' என்பார்கள். மதுரைப் பக்கம் 'வந்தாய்ங்க', 'அங்கிட்டு'. கன்னியாகுமரியில் 'எனக்க வீடு' என்றால் என்னுடைய வீடு. கொங்கில் 'வேணும்' என்பது 'வோணும்' ஆகும். யாழ்ப்பாணத்தில் பேசுவதற்குக் 'கதைக்கிறது' என்பார்கள். அங்கே 'பேசினார்' என்றால் திட்டினார் என்ற பொருளும் வந்துவிடும், அது தெரியாமல் எழுதினால் காட்சியே கவிழும்.

கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். அப்படிப் பெரிய வேலையாக இல்லாவிட்டாலும், உங்கள் ஊர்ச் சொற்களை நீங்களே ஒரு நோட்டில் சேர்க்கலாம். விவசாயம், சமையல், உறவுமுறை, வசவு என்று நாலு தலைப்புப் போதும். வசவுப் பகுதிதான் சீக்கிரம் நிரம்பும்.

நடைமுறையில் ஒன்று: பேசுவதை அப்படியே எழுத்தில் கொண்டுவந்தால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும். பத்து சொல்லில் மூன்றை வழக்கில் விட்டாலே காது நிரப்பிக்கொள்ளும். ஒரே பாத்திரம் ஒரு பக்கத்தில் 'வந்துட்டான்' என்றும் அடுத்த பக்கத்தில் 'வந்துவிட்டான்' என்றும் பேசக்கூடாது. உறவுமுறையிலும் கவனம் வேண்டும். அத்தையை யார் அத்தை என்பார், சின்னம்மாவை யார் சித்தி என்பார், யாரை யார் 'வாங்க', யாரை 'வா' என்பார் என்பது ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி மாறும். தமிழ்க் கதையில் பாத்திரங்களுக்குள் இருக்கிற ஏற்றத்தாழ்வை ஒரு 'ங்க'வை எடுத்துவிட்டே காட்டிவிடலாம்.

நடையில் அடிக்கடி எது கெடுகிறது?

கண்ணீர் "மாலை மாலையாக" வழிவது, இதயம் "சுக்குநூறாக" உடைவது போன்ற தேய்ந்த தொடர்கள் முதல் குற்றவாளி. இரண்டாவது, ஆங்கிலத்தில் யோசித்து எழுதுகிற வாக்கியம்: 'கதவு அவளால் திறக்கப்பட்டது' என்று யாரும் பேசுவதில்லை, அவள் கதவைத் திறந்தாள். தேவையில்லாத 'ஒரு'வை எல்லாம் தேடி எடுத்தாலே பக்கம் இளைக்கும். மூன்றாவது, உரையாடலுக்குப் பின்னால் 'கர்ஜித்தான்', 'குமுறினாள்', 'வினவினான்' என்று வகைவகையாகப் போடுவது. 'என்றான்' கண்ணுக்குத் தெரியாத சொல், அதையே போடுங்கள்.

கதை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

ஒரு பக்கக் கதை என்பது தோராயமாக 250 சொல். வெகுஜன வார இதழ் என்றால் 1,000 முதல் 1,500 வரை சௌகரியம். இலக்கிய இதழ்களும் இணைய இதழ்களும் 2,000 முதல் 4,000 வரை ஏற்கும், அதற்கு மேலும் போடுவார்கள். ஆங்கிலக் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். தமிழில் விகுதியும் வேற்றுமையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே விஷயத்துக்குச் சொல் எண்ணிக்கை குறைவாகவே வரும். இடத்துக்குத் தக்கபடி கதையை இழுக்காதீர்கள், கதைக்குத் தக்க இடத்தைத் தேடுங்கள்.

தினமும் எழுத வேண்டுமா?

நேரம் நிச்சயமாக இருப்பதுதான் முக்கியம். வேலைக்குப் போகிறவருக்குத் தினம் 40 நிமிஷம், 200 சொல் என்பது நடக்கக்கூடிய கணக்கு. பத்து நாளில் ஒரு கதையின் முதல் வரைவு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக உட்கார்ந்துகொள்ளலாம் என்பவர்களுக்கு ஞாயிறுதோறும் ஒரு வளைகாப்பு வரும். இன்றைக்கு நிறுத்தும்போது ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு நிறுத்துங்கள், நாளைக்கு உட்கார்ந்ததும் கை ஓடும்.

பாதியில் நின்றுபோன கதையை என்ன செய்வது?

நின்ற இடத்தில் கோளாறு இருக்காது. மூன்று நாலு பத்தி முன்னால் போய்ப் பாருங்கள். ஒரு பாத்திரம் உங்கள் வசதிக்காக ஏதாவது செய்திருக்கும்: காரணமில்லாமல் ஒப்புக்கொண்டிருக்கும், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டிருக்கும். அங்கிருந்து மறுபடி எழுதுங்கள். அதுவும் சரியில்லையென்றால் கதையை யார் சொல்வது என்பதை மாற்றிப் பாருங்கள். அஞ்சலை கதை ஓடாவிட்டால், வரிசையில் பின்னால் நிற்கிறவளின் கண்ணில் ஒரு பக்கம் எழுதிப் பார்க்கலாம்.

கருவைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கலாமா?

கேட்டால் பத்து கரு கொடுக்கும், பத்தும் ஏற்கனவே எங்கோ படித்த மாதிரி இருக்கும். ரேஷன் கடையில் விரலைத் தலையில் தேய்ப்பதைக் கவனித்துக் கொண்டுவர வேண்டியது உங்கள் வேலை. வேண்டுமானால் முதலில் தோன்றுகிற மூன்று முடிவுகளை அதனிடம் வாங்கி, அவற்றை அடித்துவிட்டு நாலாவதைத் தேடலாம்.

என் கருவை யாராவது திருடிவிட்டால்?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957 கருவைக் காப்பதில்லை, எழுதப்பட்ட வடிவத்தைத்தான் காக்கிறது. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது: ஒரே கருவை இரண்டு பேர் கையாளலாம், சொன்ன விதத்தை நகலெடுத்தால்தான் குற்றம். எழுதி முடித்த கதைக்கு, பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும், ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் 60 வருஷமும் உரிமை உண்டு. ஆகவே கருவைப் பொத்திப் பொத்தி வைப்பதைவிடச் சீக்கிரம் எழுதி முடிப்பது உத்தமம். நாலு பேரிடம் வாயால் சொல்லித் தீர்த்துவிட்ட கதையைப் பிறகு எழுதத் தோன்றாது, சொல்லாமல் இருக்க அது வேண்டுமானால் ஒரு காரணம்.

திருத்துவது எப்படி?

எழுதிய கையோடு திருத்தாதீர்கள், குறைந்தது பத்து நாள் ஆறட்டும். பிறகு அச்செடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டுப் படித்துக்கொண்டே போங்கள், நின்று திருத்த உட்கார்ந்தால் ஓட்டம் தெரியாது. இரண்டாவது சுற்றில் கடைசிப் பத்தியை எடுத்துவிட்டுப் பாருங்கள். கதை நிற்கிறதென்றால் அந்தப் பத்தி விளக்கவுரை. மூன்றாவது சுற்றில் பெயர்கள்: செல்வி, செல்வம், செல்லம்மா என்று ஒரே எழுத்தில் மூன்று பேர் இருந்தால் வாசகர் குழம்புவார். கடைசியாகத்தான் எழுத்துப்பிழை. வல்லினம் மிகும் இடம், ர-ற, ன-ண, ல-ள-ழ. கணினித் திருத்தியை முழுக்க நம்ப முடியாது, 'அரை'யும் 'அறை'யும் அதற்கு இரண்டுமே சரியான சொற்கள்.

படிக்கக் கொடுக்கும்போது "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள், "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். "எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்க்கத் தோன்றியது?" என்று கேளுங்கள்.

எப்படி அனுப்புவது?

யூனிகோட் எழுத்துருவில், வேர்டு கோப்பாக. படமாகவோ, வாட்ஸப்பில் துண்டு துண்டாகவோ வேண்டாம். அனுப்புவதற்கு முன் அந்த இதழின் கடைசி மூன்று இதழ்களையாவது படித்திருங்கள். மின்னஞ்சலில் கதையின் தலைப்பு, சொல் எண்ணிக்கை, இது வேறெங்கும் வெளிவரவில்லை என்ற உறுதி, முகவரி, தொலைபேசி எண். கதைச் சுருக்கமும், கதை பிறந்த விதமும் வேண்டாம். முகநூலில் போட்டதையும் பல இதழ்கள் வெளியானதாகவே கணக்கில் எடுக்கும். ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பி இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களும் உங்கள் பெயரை நினைவில் வைத்திருப்பார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டுப் பதில் இல்லையென்றால், கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு வரி எழுதிப்போட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு அனுப்பலாம்.